மகளுக்கு மாதவிடாய் வலி: ஹார்மோன் டெஸ்ட், சத்து மாத்திரை பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சிங்கப்பூரில் ஒரு குடியிருப்புப் பேட்டை மருந்துக்கடையில் மருந்தாளராக வேலை செய்கிறேன். வீட்டில் உயர்நிலை மூன்று படிக்கும் மகளும் இருக்கிறாள். கடைக்கு வரும் தமிழ் அம்மாக்கள், சில சமயம் பாட்டிகள், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லிய குரலில் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பொதுவான தகவல்தான் இது. உங்கள் பெண்ணை நேரில் பார்த்த மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

வயசுக்கு வந்து ஒரு வருடம் வரை வலியே இல்லை. இப்போது மாதாமாதம் துடிக்கிறாள். திடீரென்று என்ன ஆயிற்று?

பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போகவில்லை. ஆரம்ப மாதங்களில் ரத்தப்போக்கு வரும், ஆனால் கருமுட்டை ஒவ்வொரு மாதமும் வெளியாகாது. அது ஒழுங்குக்கு வர ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முட்டை வெளியாகத் தொடங்கிய பிறகு, மாதவிடாய் நெருங்கி, புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் இறங்கும்போது கர்ப்பப்பையின் உள்சவ்வு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. கர்ப்பப்பையைப் பிழிந்து அந்தச் சவ்வை வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. சிலருக்கு அது அதிகமாகச் சுரக்கும். தசை இறுகி, அங்கே ரத்த ஓட்டமும் சற்று நேரம் குறைந்து, வலி பிடுங்கும்.

அதே பொருள் குடலையும் கிளறிவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல் எல்லாம் சேர்ந்து வருவது அதனால்தான். நேற்று ஹாக்கர் சென்டரில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று பல வீடுகளில் நினைத்துக்கொள்கிறார்கள். முதல் நாளோ முந்தைய இரவோ தொடங்கி, அடிவயிறு, இடுப்பு, தொடை என்று பரவி, ஒன்று முதல் மூன்று நாளில் அடங்கிவிட்டால் அது இந்த வகை வலி.

அப்படியென்றால் ஹார்மோன் கோளாறுதானே? ஒரு ஹார்மோன் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமா?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். மாதவிடாய் ஓரளவு ஒழுங்காக வரும் பெண்ணுக்கு, வலி மட்டும்தான் பிரச்சினை என்றால், ஹார்மோன் டெஸ்ட் தேவையில்லை. வலிக்கிற பெண்ணின் ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்ட்ரோன் அளவும் வலிக்காத பெண்ணின் அளவும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டினோ கர்ப்பப்பைக்குள்ளேயே சுரந்து அங்கேயே வேலை செய்கிறது, இந்த ரத்தப் பரிசோதனைத் தாளில் அது வரவே வராது.

போன வருடம் ஓர் அம்மா நான்கு பக்க ரிப்போர்ட்டோடு வந்தார். பெண்ணுக்கு 14 வயது. புரோஜெஸ்ட்ரோன் என்ற வரிக்கு எதிரே சிவப்பில் 'குறைவு' என்று குறி. "என் பிள்ளைக்கு ஹார்மோனே சுரக்கலையாம், இதுக்கு என்ன மாத்திரை இருக்கு?" என்று கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது. ரத்தம் எடுத்த தேதியைப் பார்த்தேன், மாதவிடாய் எப்போது வந்தது என்று கேட்டேன். ஐந்தாவது நாளில் எடுத்திருக்கிறார்கள். ஐந்தாவது நாளில் எந்தப் பெண்ணுக்கும் புரோஜெஸ்ட்ரோன் குறைவாகத்தான் இருக்கும், அது ஏறுவதே முட்டை வெளியான பிறகுதான். டெஸ்ட் எடுத்த இடத்தில் அன்று எத்தனையாவது நாள் என்று யாரும் கேட்கவில்லையாம். அந்த ஒரு சிவப்பு எழுத்துக்காக அம்மாவும் மகளும் இரண்டு வாரம் தூங்கவில்லை.

ஈஸ்ட்ரோஜெனும் அப்படித்தான், ஒரே மாதத்துக்குள் பல மடங்கு ஏறி இறங்கும். வளரும் பெண்களுக்கு ஒரு மாதம் போல் இன்னொரு மாதம் இருக்காது. அந்த ஓட்டத்தில் ஒரே ஒரு நாளை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு வலிக்குக் காரணம் சொல்ல முடியாது.

வீட்டிலேயே எச்சில், சிறுநீர் எடுத்து அனுப்பும் டெஸ்ட் பெட்டிகள்?

வேண்டாம். வலிக்குக் காரணம் கண்டுபிடிக்க அவை உதவுவதாக நிரூபணம் இல்லை. ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னின்ன மாத்திரை வாங்கு என்று ஒரு பட்டியல் இருந்தால், அந்த மாத்திரையை விற்பது யார் என்றும் பாருங்கள்.

சரி, ரத்தப் பரிசோதனை உண்மையிலேயே எப்போது தேவை?

வலியைத் தவிர வேறு அடையாளம் இருக்கும்போது. 15 வயதாகியும் மாதவிடாய் வரவில்லை, அல்லது வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் இரண்டு மாதவிடாய்க்கு நடுவே 45 நாளுக்கு மேல் போய்க்கொண்டே இருக்கிறது, முகத்தில் தாடை, மேலுதடு பக்கம் முடி தடித்து வளர்கிறது, முகப்பரு எதற்கும் அடங்கவில்லை என்றால் மருத்துவர் டெஸ்டோஸ்டிரோன், புரோலாக்டின், தைராய்டு போன்றவற்றைப் பார்ப்பார். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கிடைக்கும் பதிலுக்கு ஒரு பயனும் இருக்கிறது.

நம் ஆட்கள் 'நீர்க்கட்டி' என்று சொல்லும் பிசிஓஎஸ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாதவிடாய் தள்ளிப்போவதற்கு அது காரணமாகலாம், கடும் வலிக்கு அது வழக்கமான காரணம் கிடையாது. வயசுக்கு வந்து எட்டு வருடம் ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனில் தெரியும் சின்னச் சின்னக் குமிழிகளையோ ஏஎம்எச் என்ற சினைப்பை ஹார்மோனின் அளவையோ வைத்து பிசிஓஎஸ் என்று முடிவு கட்டக்கூடாது என்று 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. இந்த வயதில் பல பெண்களின் சினைப்பை இயல்பாகவே அப்படித் தெரியும். மகளின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் அந்த வார்த்தையைப் பார்த்ததும் கல்யாணம், குழந்தை என்று மனது ஓடாமல் இருக்கட்டும்.

இன்னொன்று, என் கணக்கில் எல்லாவற்றையும்விட முக்கியம்: ரத்தப்போக்கு அதிகமாக இருந்தால். ஏழு நாளுக்கு மேல் போவது, ஒன்றிரண்டு மணி நேரத்தில் பேட் நனைந்துவிடுவது, இரவில் மெத்தைவரை இறங்குவது, இதெல்லாம் இருந்தால் ரத்த எண்ணிக்கை, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தேவைப்பட்டால் ரத்தம் உறைவதில் குறை உண்டா என்பதற்கான பரிசோதனை எல்லாம் பார்க்க வேண்டும். பல்லைப் பிடுங்கினாலும் ரத்தம் நிற்காது, உடம்பில் லேசாக இடித்தாலும் கன்றிப்போகும் என்ற சரித்திரம் குடும்பத்தில் இருந்தால் மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

டாக்டர் உள்ளே பரிசோதிப்பாரா? அதற்குப் பயந்துதான் அவளை அழைத்துப் போகாமல் இருக்கிறேன்.

இந்த ஒரு பயத்தால் எத்தனை பெண்கள் வருடக்கணக்கில் வலியோடு இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு கனத்துப்போகிறது. வழக்கமான வலிக்கு உள்பரிசோதனை தேவையில்லை. கேள்வி கேட்பார்கள், வயிற்றை மேலாக அழுத்திப் பார்ப்பார்கள். ஸ்கேன் தேவைப்பட்டால்கூட நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, வயிற்றின் மேலே ஜெல் தடவித்தான் பார்ப்பார்கள். போவதற்கு முன்னாலேயே உங்கள் மகளுக்கு இதைச் சொல்லிவிடுங்கள், பாதி பதற்றம் அங்கேயே போய்விடும்.

வலி மாத்திரை கொடுத்தால் பழக்கமாகிவிடும், கர்ப்பப்பை கெட்டுவிடும் என்கிறார்களே?

இரண்டுமே தவறு. ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் அமிலம், நாப்ராக்ஸென் ஆகியவை புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே குறைக்கின்றன, அதாவது வலி கிளம்பும் இடத்தில் கைவைக்கின்றன. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி ஆராயும் காக்ரேன் அமைப்பு 2015-ல் வெளியிட்ட தொகுப்பு 80 ஆய்வுகளை, 5,800-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துப் பார்த்தது. மாதவிடாய் வலிக்கு இந்த வகை மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன என்பதுதான் முடிவு. இவ்வளவு ஆதாரம் எந்தச் சத்து மாத்திரைக்கும் கிடையாது.

ஆனால் எப்போது கொடுக்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. "கொடுத்துப் பார்த்தோம், கேட்கவில்லை" என்று சொல்பவர்களிடம் எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டால், "தாங்கவே முடியாமல் அழ ஆரம்பித்த பிறகு" என்பார்கள். அதற்குள் புரோஸ்டாகிளாண்டின் சுரந்து முடிந்துவிட்டது. மாதவிடாய் வரப்போகிறது என்று தெரிந்ததுமே, நாள் கணக்குச் சரியாக வரும் பெண்ணாக இருந்தால் முந்தைய நாளே, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. பிறகு வலிக்கிறதா என்று காத்திருக்காமல், அட்டையில் சொன்ன இடைவெளியில், முதல் இரண்டு மூன்று நாளுக்கு. அளவை வயதையும் எடையையும் சொல்லி மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வகையில் ஒன்று மட்டும்தான், இரண்டைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

வயிற்றுப் புண், சிறுநீரகப் பிரச்சினை, இந்த மாத்திரைகளுக்கு முன்பு ஒவ்வாமை, அல்லது ஆஸ்துமா இருந்தால் முதலில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். சிங்கப்பூரில் இருப்பதால் இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மாதவிடாய் நேரத்தில் காய்ச்சலும் அடித்தால், வட்டாரத்தில் டெங்கி இருந்தால், ஐபுப்ரோஃபென் வகையை நிறுத்திவிடுங்கள். டெங்கியில் அது ரத்தக்கசிவை அதிகமாக்கும். பாராசிட்டமால் மட்டும் கொடுத்து டாக்டரிடம் போங்கள். ஆஸ்பிரின் இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

மெக்னீசியம், ஒமேகா-3, வைட்டமின் டி, துத்தநாகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எது வேலை செய்யும்?

உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். 2016-ல் காக்ரேன் 27 ஆய்வுகளை, சுமார் 3,100 பெண்களைத் தொகுத்துப் பார்த்தது. உயர்தர ஆதாரம் எதற்குமே இல்லை. இஞ்சி, வெந்தயம், மீன் எண்ணெய், வைட்டமின் பி1, துத்தநாகம் போன்ற சிலவற்றுக்குக் கொஞ்சம் பயன் இருக்கலாம் என்று சிறிய, பலவீனமான ஆய்வுகள் காட்டின, அவ்வளவுதான்.

இதில் பி1 கதை தனி. 1996-ல் இந்தியாவில் 12 முதல் 21 வயது வரை 556 பெண்களுக்கு தினமும் 100 மில்லிகிராம் பி1 கொடுத்துப் பார்த்ததில் 87 விழுக்காட்டினருக்கு வலி முழுதாகப் போய்விட்டது என்று ஓர் ஆய்வு வந்தது. கேட்டால் உடனே வாங்கத் தோன்றும். ஆனால் ஒரே ஆய்வில் வந்த இவ்வளவு பெரிய எண்ணை நம்பி மற்ற சிகிச்சையைத் தள்ளிப்போட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வைட்டமின் டி குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தால் அதைச் சரிசெய்யத்தான் வேண்டும், வலிக்காக இல்லாவிட்டாலும் எலும்புக்காக. மெக்னீசியம் அதிகமானால் வயிற்றுப்போக்கு வரும், மாதவிடாய் நேரத்தில் அது ஏற்கெனவே இருக்கிற பிள்ளைக்கு இன்னும் கொடுமை. பி6-ஐ அதிக அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் கைகால் மரத்துப்போகும், நரம்பையே பாதிக்கும்.

எனக்குப் பெரிய கவலை கணக்குதான். ஒரு பாட்டி பேத்தி சாப்பிடும் டப்பாக்களை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து முகப்பில் வரிசையாக வைத்தார். மொத்தம் ஆறு. ஒன்று அவர் வாங்கியது, இரண்டு அம்மா, ஒன்று சித்தி ஜொகூரிலிருந்து, மற்றவை இணையத்தில். ஒவ்வொரு டப்பாவையும் திருப்பி லேபிளைப் படித்து ஒரு தாளில் கூட்டினோம். துத்தநாகம் மூன்று டப்பாவில் இருந்தது: 15, 10, 15, ஆக 40 மில்லிகிராம். 14 முதல் 18 வயதுக்கு ஒரு நாளைய உச்ச வரம்பே 34. "எல்லாம் சத்துதானேன்னு நெனச்சேன்மா" என்றார் பாட்டி. அன்பில் செய்ததுதான், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் யாராவது ஒருவர் இப்படி உட்கார்ந்து கூட்டிப் பார்த்தாக வேண்டும்.

ஆசைக்கு ஒன்றை முயன்று பார்க்கத்தான் வேண்டும் என்றால், ஒரே ஒன்று, மூன்று மாதவிடாய் வரை, வலி மாத்திரையை நிறுத்தாமல். பலன் தெரியவில்லையா, விட்டுவிடுங்கள்.

வெந்தயம், சுக்கு, உளுந்தங்களி? எங்கள் அம்மா இதைத்தான் கொடுத்தார்.

தாராளமாகக் கொடுங்கள். வெந்தயத்தை வாயில் போட்டு மோரால் விழுங்குவது, சுக்கும் கருப்பட்டியும் தட்டிப்போட்ட வெந்நீர், நல்லெண்ணெய் விட்ட உளுந்தங்களி, எதுவும் சமையல் அளவில் கெடுதல் இல்லை. இஞ்சிக்கும் வெந்தயத்துக்கும் மேலே சொன்ன சிறிய ஆய்வுகளும் துணைக்கு இருக்கின்றன. சூடு நிஜமாகவே வேலை செய்யும்: 39 டிகிரி அளவில் இதமான சூட்டைப் பல மணி நேரம் அடிவயிற்றில் வைத்திருப்பது ஐபுப்ரோஃபெனுக்கு இணையாக வலியைக் குறைத்ததாக 2001-ல் ஓர் ஆய்வு வந்தது. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி வையுங்கள், தோல் வெந்துவிடக் கூடாது. வாரத்தில் மூன்று நாள், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிற பெண்களுக்கும் வலி குறைகிறது, அதனால் அந்த நாட்களில் மூலையில் உட்கார வைக்க எந்தக் காரணமும் இல்லை.

வேர், மூலிகைகளைப் பொடியாக்கிக் குப்பியில் அடைத்து விற்பது வேறு விஷயம். அண்டைவீட்டுச் சீன ஆன்ட்டி அன்போடு தரும் டாங் குவெய், ரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு ஆகாது. செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை பல மருந்துகளின் வேலையைக் கெடுத்துவிடும்.

சிங்கப்பூர்க் கடையில் விற்கிறார்கள் என்றால் அரசாங்கம் சோதித்துத்தானே விட்டிருக்கும்?

அப்படி இல்லை. மருந்துகளைச் சுகாதார அறிவியல் ஆணையம் ஆராய்ந்து பதிவு செய்த பிறகுதான் விற்க முடியும். சத்து மாத்திரைகளுக்கு விற்பனைக்கு முன் அந்த அனுமதி தேவையில்லை. பாதுகாப்புக்கும் தரத்துக்கும் விற்பவர்தான் பொறுப்பு. இந்திய, மலாய்ப் பாரம்பரிய மருந்துகளுக்கும் இதே நிலைதான். லேபிளில் இல்லாத ஸ்டீராய்டு போன்ற மருந்து கலந்திருந்ததாக ஆணையம் அவ்வப்போது எச்சரிக்கை விடுகிறது. 'ஒரே நாளில் வலி பறந்தது' என்று இணையத்தில் விற்கும் பெயர் தெரியாத பொடியை மகளுக்குக் கொடுக்காதீர்கள்.

டாக்டர் கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்தார். 15 வயதுப் பிள்ளைக்கா?

அதிர்ச்சியாகத்தான் இருக்கும், எனக்குப் புரிகிறது. பெயரை ஒரு நிமிடம் மறந்துவிட்டு அது என்ன செய்கிறது என்று பாருங்கள். உள்சவ்வு மெல்லியதாகவே இருக்கும், அதனால் புரோஸ்டாகிளாண்டினும் குறைவு, வலியும் ரத்தப்போக்கும் குறைவு. வலி மாத்திரை போதாதபோது அடுத்த படி இதுதான். நிறுத்திய பிறகு பிள்ளைப்பேற்றை அது பாதிக்காது. கண்முன் ஒளி நெளிந்து வரும் வகை ஒற்றைத் தலைவலியோ, குடும்பத்தில் ரத்தக்கட்டோ இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அப்போது வேறு வகை கொடுப்பார்.

எல்லாம் செய்தும் வலி குறையவில்லை என்றால்?

அப்போது "பொறுத்துக்கோ" என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து. மாத்திரையைச் சரியான நேரத்தில் கொடுத்து, மேலே சொன்ன கருத்தடை மாத்திரை போன்ற ஹார்மோன் மாத்திரையும் முயன்று, மூன்று முதல் ஆறு மாதத்தில் பலன் இல்லையென்றால் காரணத்தைத் தேட வேண்டும் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு 2018-ல் வழிகாட்டியது. அப்படிச் சிகிச்சைக்கு அடங்காத வலியுள்ள இளம்பெண்களை லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்க்கும் பரிசோதனை, செய்து பார்த்தால், மூன்றில் இரண்டு பேருக்காவது எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது. கர்ப்பப்பை உள்சவ்வைப் போன்ற திசு வெளியே, சினைப்பை, குடல் பக்கம் படிந்து வளரும் நோய் அது.

மாதவிடாய் இல்லாத நாட்களிலும் வலி, மலம் கழிக்கும்போது வலி, மாதம் போகப் போக ஏறிக்கொண்டே வருவது, அம்மாவுக்கோ அக்காவுக்கோ இந்த நோய் இருப்பது, இவையெல்லாம் அடையாளம். வயசுக்கு வந்த முதல் மாதத்திலிருந்தே கடும் வலி என்றால் பிறவியிலேயே ரத்தம் வெளியேறும் பாதையில் ஏதாவது அடைப்பு உண்டா என்றும் பார்ப்பார்கள். ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று சொல்லிவிட முடியாது, அதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையும் இல்லை. ஹார்மோன் ரிப்போர்ட் 'எல்லாம் நார்மல்' என்று வந்ததால் "நீ நடிக்கிறாய்" என்ற பேச்சைக் கேட்ட பெண்கள் இருக்கிறார்கள். அந்தத் தாளுக்கு அவள் வலியைப் பற்றி எதுவும் தெரியாது.

ஒரு பக்கமாகத் திடீரென்று குத்தும் கடும் வலி, காய்ச்சலோடு வலி, மயக்கம் என்றால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சிங்கப்பூரில் எங்கே போவது? என்ன கொண்டுபோவது?

பலதுறை மருந்தகமோ வழக்கமான குடும்ப மருத்துவரோ போதும். சிறப்பு மருத்துவர் தேவையென்றால் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு கேகே மகளிர், சிறார் மருத்துவமனை போன்ற இடங்களுக்குப் போனால் கட்டணச் சலுகை கிடைக்கும்.

கொண்டுபோக வேண்டியது ரிப்போர்ட் கட்டு கிடையாது, ஒரு சின்ன நோட்டு. மூன்று மாதத்துக்கு: எந்தத் தேதி வந்தது, எத்தனை நாள், எத்தனை பேட், வலி பத்துக்கு எத்தனை, மாத்திரை எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்குக் குறைந்தது, பள்ளி போனாளா. என் மகள் அவளுடைய பள்ளிக் கையேட்டின் ஓரத்திலேயே பென்சிலில் குறித்து வைக்கிறாள். அந்த நாலு வரியைப் பார்த்துத்தான் அவளுக்கு மாத்திரையை முந்தைய இரவுக்கு மாற்றினோம், அதன்பின் வலைப்பந்துப் பயிற்சியை அவள் விட்டதில்லை.

கல்யாணம் ஆனால், குழந்தை பிறந்தால் சரியாகிவிடுமா?

சிலருக்குக் குறையும், சிலருக்குக் குறையாது. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சொல்ல வேண்டிய பதில் அது இல்லை.

நான் தனியாக மகளை வளர்க்கும் அப்பா. அவள் என்னிடம் இதைப் பேச மாட்டேன் என்கிறாள்.

பேசித்தான் ஆக வேண்டும் என்றில்லை. மாத்திரை அட்டையும் பேடும் வெந்நீர்ப் பையும் எந்த இழுப்பறையில் இருக்கின்றன என்று ஒருமுறை காட்டிவிடுங்கள், தீர்ந்தால் அவள் கேட்காமலேயே வாங்கி வையுங்கள். மாத்திரை அளவை ஒரு தாளில் எழுதி அங்கேயே ஒட்டுங்கள். வகுப்பாசிரியருக்கு ஒரு வரி எழுதி, அந்த நாட்களில் அவள் எழுந்து போகக் கேட்டால் காரணம் கேட்காமல் விடச் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும்போது அத்தையையோ அவளுக்குப் பிடித்த அக்கா யாரையோ கூட அனுப்பலாம், இல்லையென்றால் நீங்களே போய் வெளியே உட்கார்ந்திருங்கள், அவள் உள்ளே தனியாகப் பேசட்டும். போன மாதம் ஓர் அப்பா கடைக்கு வந்து, கைத்தொலைபேசியில் மகள் அனுப்பிய குறுஞ்செய்தியைக் காட்டி, இந்த மாத்திரைதானா என்று இரண்டு தடவை சரிபார்த்து வாங்கிப்போனார். அவள் அனுப்பியிருந்தது மருந்தின் பெயரும் "நாளைக்கு வரும்" என்ற இரண்டு சொல்லும்தான்.